அத்தியாயம் 6: அலாரத்துக்கு முந்தைய இரவு

சென்னையில் ஓட்டப் பயிற்சி எடுப்பவர்களுக்கு நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. அதை வெயில் பார்த்துக்கொள்கிறது. ஜூன் மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் கடலுக்கு மேலே ஏறிவிடும். ஏழரைக்குள் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடுகிறவர்கள் நிழல் எங்கே என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே ஐந்து மணிக்காவது ஓடத் தொடங்கியாக வேண்டும். அதற்கு நாலு, நாலேகாலுக்கு எழுந்தாக வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாலு மணிக்கு எழுகிறவர் எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்ற கணக்கைத்தான் பெரும்பாலானவர்கள் போடுவதில்லை. ஏழு மணி நேரத் தூக்கம் என்று வைத்தாலே ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். நம் வீடுகளில் தோசைக்கல் அடுப்பில் ஏறுவதே அப்போதுதான்.

வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த நாளில் நீண்ட ஓட்டம், எந்த நாளில் ஓய்வு என்பதையெல்லாம் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். அந்தத் திட்டம் பலிப்பதும் பொய்ப்பதும் மீதி நேரத்தில் எப்படி வாழ்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காலணி வாங்குவதற்கு முன்பு, கைக்கடிகாரம் வாங்குவதற்கு முன்பு, மாற்ற வேண்டிய முதல் பழக்கம் எது என்று என்னைக் கேட்டால், இரவுச் சாப்பாட்டின் நேரம் என்பேன். ஏழு, ஏழரைக்குள் சாப்பிட்டு முடித்தால் மற்றதெல்லாம் ஓரளவு தானாக வரிசைக்கு வரும்.

இது தனி மனிதர் எடுக்கும் முடிவு அல்ல, வீடு எடுக்க வேண்டிய முடிவு. இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில், எட்டு மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்து, அதன் பிறகு சமைக்கிற நிலையில் ஏழரைக்குச் சாப்பாடு நடக்காது. அப்படிப்பட்ட வீடுகளில் ஓடுகிறவர் மட்டும் மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் கனமாகச் சாப்பிட்டுவிடலாம்: ஒரு கிண்ணம் சுண்டல், இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். இரவில் எல்லோரோடும் உட்கார்ந்து ஒரு தம்ளர் மோரோ பாலோ குடித்தால் போதும். வார நாட்களில் வேலையைக் குறைக்க மாவு, குழம்பு, கூட்டு ஆகியவற்றை ஞாயிறு மதியமே தயார் செய்கிற வீடுகளும் உண்டு.

ஓட்டப் புத்தகங்களை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதாலோ என்னவோ, இந்த இடத்தில் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. ஓடுகிறவர் வீட்டுப் பெண்ணாக இருந்தால், கடைசியாகப் படுப்பவரும் முதலில் எழுபவரும் அவரே. அடுப்படியைத் துடைத்து, தயிருக்கு உறை ஊற்றி, மறுநாள் டிபன் பாக்ஸுக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டுப் படுக்கும்போது மணி பதினொன்று. அவரிடம் போய் எட்டு மணி நேரம் தூங்குங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. இரவில் பாத்திரம் கழுவுவது யார், காலையில் பால் காய்ச்சுவது யார் என்பதும் பயிற்சித் திட்டத்தில் எழுதப்பட வேண்டியவை. இதை வீட்டில் உட்கார்ந்து பேசாமல் மாரத்தானுக்குப் பெயர் கொடுக்காதீர்கள்.

தூக்கம்

பயிற்சியால் தசையில் ஏற்படும் நுண்ணிய சிதைவுகளை உடல் சரிசெய்வது பெரும்பாலும் தூக்கத்தில்தான். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில். 2011-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரைத் தினமும் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொல்லி, ஐந்து முதல் ஏழு வாரங்கள் கவனித்த ஆய்வு ஒன்று வெளியானது. அவர்களின் குறுந்தூர ஓட்ட நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5 விநாடியாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஓட்டக்காரர்கள் மீது நடத்தியதும் இல்லை. ஆனால் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகேயின் அன்றாடத்தைப் பார்த்தாலும் இதே செய்தி தெரிகிறது. கென்யாவில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கப்டகட் முகாமில் அவர் இரவில் எட்டு மணி நேரம் தூங்கி, பகலிலும் ஒரு தூக்கம் போடுகிறவர். 2019 அக்டோபரில் வியன்னாவில் 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியது அந்த உடல்.

நமக்குப் பகல் தூக்கத்துக்கு வாய்ப்பு ஞாயிற்றுக்கிழமைதான். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்குவதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். வார நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் கண்ணை மூட முடிந்தாலும் நல்லதுதான். அதற்கு மேல் போனால் இரவுத் தூக்கம் கெடும்.

காபி விஷயத்தில் நம்மவர்கள் பிடிவாதக்காரர்கள். காலையில் ஓடுவதற்கு முன்பு அரை தம்ளர் ஃபில்டர் காபி தாராளமாகக் குடிக்கலாம். காஃபீன் ஓட்டத்துக்கு உதவும் என்பது நன்றாக நிறுவப்பட்ட செய்தி. சிக்கல் மாலைக் காபியில் இருக்கிறது. காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடித்ததில் பாதி, ஒன்பது மணிக்கு நீங்கள் படுக்கும்போதும் ரத்தத்தில் இருக்கும். கடைசிக் காபியை மதியம் இரண்டு மணிக்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். மாலையில் கை பரபரத்தால் சுக்குமல்லிக் காபி இருக்கிறது.

பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. நிறுவனங்களில் இரவுப் பணி பார்ப்பவர்களுக்கு வேறு கணக்கு. வேலை முடிந்து காலை ஆறு மணிக்கு வந்து, அந்தக் களைப்பிலேயே ஓடிவிட்டுப் படுக்கிறவர்கள் உண்டு. அடிபடுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு முதலில் தூங்குங்கள். எழுந்த பிறகு, மாலையில், வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பு ஓடுங்கள். விடுமுறை நாளில் மட்டும் விடியற்காலைக் கூட்டத்தோடு சேர்ந்து ஓட ஆசைப்படுவது இயல்பு. அதற்கு முந்தைய இரவுப் பணியை மாற்றி வாங்க முடிந்தால் செய்யுங்கள், முடியாவிட்டால் மாலையிலேயே ஓடுங்கள்.

வியர்வைக் கணக்கு

விடியற்காலை குளிர்ச்சியாக இருக்கும் என்பது கடலோர ஊர்களில் பாதி உண்மைதான். வெப்பம் குறைவாக இருக்கும் அந்த நேரத்தில்தான் காற்றின் ஈரப்பதம் அந்த நாளின் உச்சத்தில் இருக்கும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். மெரினாவில் மே மாதம் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். இதயம் கூடுதலாகத் துடிக்கும். வழக்கமான வேகத்தில் ஓடினால் மூச்சு வாங்கும். வேகத்தைக் குறைப்பது தோல்வி அல்ல. பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே அந்த மாதங்களில் சரியான வேகம். வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். பெங்களூரிலோ கோவையிலோ பழகியவர் கோடையில் சென்னை வந்து முதல் வாரமே முழு தூரத்தை ஓடப் பார்த்தால் உடம்பு கேட்காது.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்குப் பொது விடை கிடையாது. உங்கள் விடையை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். குறைந்த எடையோடு ஓட்டத்தில் குடித்த நீரைக் கூட்டினால் உங்கள் ஒரு மணி நேர வியர்வை கிடைக்கும். ஒரு கிலோ என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர். ஜனவரியிலும் மே மாதத்திலும் தனித்தனியாகப் பாருங்கள், எண்கள் வித்தியாசமாக இருக்கும். இழந்தது முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மறுபக்கமும் ஆபத்து இருக்கிறது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம், அதாவது இழந்ததைவிட அதிகம் குடித்தவர்களிடம், இது கூடுதலாகக் காணப்பட்டது. ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று இரண்டு கிளாஸ் குடிக்கும் பழக்கம் வேண்டாம்.

என்ன குடிப்பது என்பதற்கு வீட்டிலேயே விடை இருக்கிறது. இளநீர் நல்லதுதான்; ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடியுங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. உப்புப் போட்ட நீர்மோர் ஓட்டத்துக்குப் பிறகு மிகச் சிறந்தது. ஓட்டத்தின்போது எடுத்துச் செல்ல, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். வயிற்றுப்போக்குக்குச் சொல்லப்படும் வீட்டுக் கரைசலின் அளவுதான் இது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன்பு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தட்டில்

சோறு சாப்பிட்டால் ஓட முடியாது என்று யாரோ கிளப்பிவிட்ட புரளி இன்னும் உயிரோடு இருக்கிறது. உலகத்திலேயே வேகமாக ஓடுகிற கென்யர்களின் உணவில், ஆற்றலில் முக்கால் பங்கு மாவுச்சத்திலிருந்து வருகிறது. மக்காச்சோள மாவில் கிண்டிய உகாலி, சர்க்கரை போட்ட பால் டீ, இவைதான் அவர்களின் அன்றாடம். நம் இட்லி, சாதம், கேழ்வரகுக் களி எல்லாம் அதே வேலையைச் செய்யும். எடையைக் குறைக்க வேண்டும் என்று சோற்றை நிறுத்திவிட்டு 30 கிலோமீட்டர் ஓடப் போகிறவர்கள் இருபதாவது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பிப்பதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம்.

நம் சாப்பாட்டில் குறைவது புரதம். ஓட்டக்காரர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவைப்படுகிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு எழுபது கிராமுக்கு மேல். காலையில் சாம்பாரோடு நாலு இட்லி, மதியம் சாதம், பருப்பு, தயிர், இரவு தோசை என்று போகிற சைவ வீட்டில் ஐம்பதைத் தொடுவதே பெரிய பாடு. வெளிநாட்டு மாவு டப்பாக்களுக்குச் செலவழிப்பதற்கு முன்பு, ஒரு கிண்ணம் வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 14 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, ஒரு முட்டையில் 6, ஒரு பெரிய தம்ளர் பாலில் 8 கிராம் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். மத்தி மீன் கிடைக்கிற ஊரில் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் இட்லியோடு இவற்றில் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும்.

இன்னொரு குறை, கண்ணுக்குத் தெரியாதது: இரும்புச்சத்து. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. நீண்ட தூரம் ஓடும்போது பாதம் தரையில் மோதுவதாலும் வியர்வையாலும் இரும்பு மேலும் குறைகிறது. காரணம் தெரியாமல் வேகம் குறைந்துகொண்டே வந்தால், படிக்கட்டு ஏறுவதற்கே மலைப்பாக இருந்தால், பயிற்சியைக் கூட்டாதீர்கள், ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். முன்னது சரியாக இருக்கும்போதே பின்னது காலியாகியிருக்கலாம். அசைவக்காரர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் இருக்கின்றன. சைவர்கள் கீரை, பயறுகளோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் உடல் இரும்பை நன்றாக உறிஞ்சும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது இதற்கு நேர்எதிர். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது போகட்டும். இரும்பு மாத்திரையைப் பரிசோதனை இல்லாமல் நீங்களாக விழுங்க வேண்டாம்.

பயிற்சியைக் கூட்டிய பிறகு மாதவிடாய் தள்ளிப்போவதை வசதி என்று எடுத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். ஓடும் அளவுக்குச் சாப்பிடவில்லை என்று உடல் சொல்லும் செய்தியாக அது இருக்கலாம். எலும்பில் விரிசல் விழும் அபாயம் அதைத் தொடர்ந்து வரும். மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். எலும்பு என்றதும் இன்னொன்று. இருட்டில் ஓடிவிட்டு, ஏ.சி. காரில் போய், ஏ.சி. அறையில் உட்கார்ந்து, இருட்டியதும் திரும்புகிறவருக்கு வெயில் கொளுத்தும் ஊரிலேயே வைட்டமின் டி குறைவு வரும். அதையும் அந்த ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

மது பற்றிச் சுருக்கமாக: சனிக்கிழமை இரவு குடித்துவிட்டு ஞாயிறு நீண்ட ஓட்டம் வேண்டாம். தூக்கம் கெடும், உடலில் நீர் குறையும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

உட்காரும் உடம்பு

ஒன்பது மணி நேரம் நாற்காலி, இரண்டு மணி நேரம் பைக் என்று இருக்கும் உடலில் இடுப்பின் முன்தசைகள் இறுகிவிடுகின்றன. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பிடித்து வருவது, லிஃப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறுவது, இரவில் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிடுவது ஆகிய மூன்றும் செலவில்லாத வைத்தியம். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை கால் மாற்றுங்கள். வாரம் இரண்டு நாள், மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, ஒவ்வொரு காலிலும் பதினைந்து முறை குதிகாலை ஏற்றி இறக்குங்கள்; முதலில் முழங்காலை நீட்டி, பிறகு சற்று மடக்கி. கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் இதைவிட நல்ல காப்பீடு இல்லை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியில் குதிகால் சுருக்கென்று வலிக்கிறவர்கள் கிரானைட் தரையில் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடட்டும்.

ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை

சென்னை மாரத்தான் ஜனவரியில் வருகிறது. அதற்கான நாலைந்து மாதப் பயிற்சி ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கி, ஐப்பசி முகூர்த்தங்கள், தீபாவளி, வடகிழக்குப் பருவமழை, மார்கழிக் கச்சேரிகள் என்று எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டும். காலண்டரை எடுத்து வைத்து, தவிர்க்க முடியாத கல்யாணங்களை முதலிலேயே குறித்துவிடுங்கள். மாலை வரவேற்புக்குப் போய் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குள் கிளம்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். போட்டோவுக்கு வரிசையில் நிற்பதுதான் ஒரு மணி நேரத்தைத் தின்னும். அந்த வாரத்தின் நீண்ட ஓட்டத்தை ஒரு நாள் தள்ளி வைத்தாலும் திட்டம் குலையாது. சபா கேன்டீன் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓடாதீர்கள். குழி இருப்பது ஒரு காரணம், எலிக்காய்ச்சல் இன்னொன்று. நனைந்த காலணியின் உள்தகட்டை உருவி எடுத்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் மறுநாளைக்குக் காய்ந்துவிடும். வெயிலிலோ அடுப்பு அருகிலோ வைத்தால் பசை விட்டுப்போகும். விரல் இடுக்குகளைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு சாக்ஸ் போடுங்கள், சேற்றுப்புண் வந்தால் ஒரு வாரம் போய்விடும். தொடை உரசும் இடங்களில் வாசலின் தடவுங்கள்.

காய்ச்சல் இருக்கும் நாளில் ஓடவே கூடாது. மூக்கு ஒழுகல் மட்டும் என்றால் மெதுவாக ஓடலாம். உடல் வலி, நெஞ்சுச் சளி, சூடு இருந்தால் முழு ஓய்வு. வைரஸ் காய்ச்சல் சில நேரம் இதயத் தசையையும் தொடும். டெங்கு வந்தவர்கள் மருத்துவர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும், அதுவும் நடையிலிருந்து. உடல் சரியாகத் தேறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: தினமும் விழித்தவுடன், படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்பு நாடித் துடிப்பை எண்ணி ஒரு டைரியில் எழுதுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இருந்தால் அன்றைக்கு வேக ஓட்டம் வேண்டாம்.

போட்டி வாரத்தில் புதிதாக எதையும் செய்யக் கூடாது. புதுக் காலணி, புது சாக்ஸ், நண்பர் கொடுத்த ஜெல் எதுவும் வேண்டாம். கடைசி இரண்டு நாள் கீரை, சுண்டல், மைதா பரோட்டா, எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, ரசம் சாதம், தயிர் சாதம், இட்லி, வாழைப்பழம் என்று எளிதில் செரிக்கும் மாவுச்சத்தாகச் சாப்பிடுங்கள். போட்டிக்கு முந்தைய இரவு பலருக்கும் தூக்கம் வராது, அது இயல்பு. அதற்கு முந்தைய இரவில் எட்டு மணி நேரம் தூங்கிவிட்டீர்கள் என்றால் பெரிய பாதிப்பு இருக்காது. வெளியூரிலிருந்து வந்து லாட்ஜில் தங்குகிறவர்கள் வாழைப்பழம், ரொட்டி, ஃபிளாஸ்க்கில் வெந்நீர், காபித்தூள் எல்லாவற்றையும் முதல் நாள் மாலையே வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். முழு மாரத்தானுக்கு இருட்டிலேயே கிளம்ப வேண்டும். மூன்று மணிக்கு லாட்ஜ் கதவைத் திறந்துவிடச் சொல்லி வாட்ச்மேனிடமும் முன்னாடியே சொல்லி வையுங்கள்.